மருத்துவரும் கணிப்பொறியாளரும்

மருத்துவருக்குக் கணிப்பொறி தெரியாது. கணிப்பொறியாளருக்கு நோய் தெரியாது. இடையில் நிற்பவரோ நோயாளி!

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்திலேயே கண்டறியும் முறையை கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைப் படங்களும் அதற்கு உதவின. ஒரே படத்துக்கு மருத்துவர்கள் வெவ்வேறு தரம் தருவதுண்டு. எனவே ஒவ்வொன்றையும் 3 முதல் 7 முறை தரம்பிரிக்கச் செய்தே கணிப்பொறிக்குக் கற்பித்தனர். பின்னர் தாய்லாந்து மருத்துவ நிலையங்களில், வெளிச்சக் குறைவு போன்றவற்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு படத்தைக் கணிப்பொறி ஏற்கவில்லை.

மரக்காணம் உப்பளத்து வெயிலில் உழைக்கும் எம்மவரிலும் சர்க்கரை நோயாளர் உண்டு. கருவி செய்வோர் எங்கள் மருத்துவமனை அறையின் வெளிச்சத்தையும், மருத்துவர் கருவியின் வரம்பையும் அறிதல் வேண்டும். இருவர் மொழியையும் கற்று எம் மக்களுக்கு எடுத்துரைப்பது, வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் என் போன்றோர் கடமையன்றோ?