வயலில் ஓடும் சக்கரம்

பாலையூற்றைப் போல நகரை ஒட்டிய இடங்களிற் பயிர் செய்வோருக்குக் கட்டாக்காலி மாடு பழைய தொல்லை. அதற்கு 1876ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சேற்றிலும் மேட்டிலும் ஓட்டி மகிழ்வதற்கென்றே வரும் மோட்டார்ச் சைக்கிளும் ஜீப் வண்டியும் புதிய தொல்லை. மாடு பயிரை மேய்ந்துவிட்டுப் போகும். சக்கரமோ மண்ணையே கெடுத்துவிடும்.

வடகீழ்ப் பருவமழையில் நனைந்த மண்ணிற் சக்கரம் ஏறும்போது, மண்துகள்களுக்கிடையேயுள்ள காற்றறைகள் நசுங்குகின்றன. இந்நசுக்கத்தின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நேர்ந்துவிடும். ஆகவே “ஒரு தடவைதானே” என்பது சமாதானமாகாது. தடத்தில் நீர் தேங்கும். மிளகாய், தக்காளி வேர்கள் கீழிறங்கமாட்டா. நெல்வயலிலே பாரமான வண்டி புதையுமாயின் நீரைத் தாங்கிநிற்கும் அடித்தட்டு உடைந்து, பாய்ச்சிய நீர் கீழே கசியும். மட்டம் வெடிக்கும் பருவத்தில் மிதிபட்ட நெல் ஓரளவு மீளும். குடலைப் பருவத்தில் முறிந்தது மீளாது. அறுவடை முடிந்த வயல் எவருக்கும் உரியதன்று என எண்ணுவோர் உளர். அப்போது உடைவது வரம்பு. அடுத்த போகத்தில் நீரும் இட்ட யூரியாவும் அவ்வழியே போய்விடும்.

தடம் பதிந்த இடத்தை ஈரத்தோடு உழவேண்டாம். மண் புட்டுப் பதத்துக்கு வந்தபின் முள்ளுமண்வெட்டியாற் கிளறி, மக்கிய எரு இடுக. உடைந்த வரம்பின்மேற் சேற்றை அப்புவதாற் பயனில்லை. உறுதியான மண் தெரியும்வரை வெட்டி, படைபடையாக இட்டு இடிக்கவேண்டும்.

சிலர் கோபத்தால் வழியின் குறுக்கே மெல்லிய கம்பி கட்டுகின்றனர். இதனை ஒருபோதும் செய்யாதீர்கள். வேகமாக வருபவன் கழுத்தில் அது பட்டால் உயிர் போகும்; வழக்கும் உங்கள்மீதே வரும். சீமைக்கிளுவை வேலியும், கடப்பில் வெள்ளை பூசிய பனங்குற்றியும் போதும். உழவு இயந்திரம் செல்ல எடுத்துவைக்கத்தக்கதாகக் குற்றி இருக்கட்டும். “தனியார் நிலம்” என்ற பலகை மும்மொழியிலும் இருத்தல் நன்று.

2022 ஒக்டோபரில் யால தேசியப் பூங்காவினுள் ஜீப் வண்டிகள் கட்டுப்பாடின்றி ஓடியமை, அங்கு எடுத்த காட்சிகள் பரவியதனாலேயே நாடறிந்தது. உங்கள் கையிலுள்ள தொலைபேசியும் அதற்குப் போதும். வண்டி இலக்கம், தடம், முறிந்த பயிர் ஆகியவற்றை அன்றே படமெடுங்கள். மழை பெய்தபின் தடம் சாட்சி சொல்லாது. கிராம உத்தியோகத்தருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் காட்டியபின் பொலிசில் முறைப்பாடு பதிக. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் அத்துமீறலும் சொத்துச் சேதமும் குற்றங்களே. ஆயினும் ஓட்டியவனின் நோக்கம் அங்கு பார்க்கப்படும். வழி தவறி வந்தவனைக் குற்றவாளியாக்க முயல்வதிலும், இணக்க சபையில் நட்டத்தைப் பேசிப் பெறுவது விரைவானது. அதற்கு விதை, உரம், கூலி ஆகிய செலவுச் சீட்டுகளைப் போகம் முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.