பூதமும் பகடையும்



“ஐயா, சதுக்கப் பூதத்திற்கு எத்தனை உயிர்ப்புள்ளி கொடுக்கலாம்?”

பதினோராம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி சில திங்களுக்கு முன் என்னிடம் கேட்ட கேள்வி இது. முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். சிலப்பதிகாரத்தைப் பற்றி எத்தனையோ வினாக்களை எதிர்கொண்டிருக்கிறேன். ஆயினும் அன்று விடை தெரியாமல் விழித்தேன். உயிர்ப்புள்ளி என்றால் என்ன என்பதே எனக்கு விளங்கவில்லை.

குறிஞ்சிப்பாடியில் வாழ்பவன் நான். ஊரின் பெயரில் குறிஞ்சி இருக்கிறதே ஒழிய, மலை என்று சொல்லத்தக்கது எதுவும் எங்கள் ஊரில் இல்லை. தறியோசையும் வயல்வெளியுமே உண்டு. சனிக்கிழமைதோறும் வடலூர் வழியாக நெய்வேலி நகரியத்திற்குச் செல்வது என் வழக்கம். அங்கே ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் மாணவர் எழுவர் கூடுகின்றனர். தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஆடும் ஆட்டம் என்னையும் பிடித்துக்கொண்டது. பழங்கதைகளில் வரும் உயிரினங்களை அவ்வாட்டத்திற்குள் எவ்வாறு கொண்டுவருவது என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலில் ஆட்டத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். ஆடுவோருள் ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவன் வில்வீரன், ஒருத்தி மருத்துவச்சி, மற்றொருவன் பாணன். “காட்டில் இருள் சூழ்கிறது, எதிரே ஓர் உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துநர் கேட்பார். “மரத்தில் ஏறுகிறேன்” என்பான் ஒருவன். ஏற முடிந்ததா, வழுக்கி விழுந்தானா என்பதைப் பகடை சொல்லும். அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கு மூலம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் ராய் டிரப்ஷா இதனைப் போன்ற ஆட்டமொன்றைக் கணிப்பொறிக்கு எழுதத் தொடங்கினார்; ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார். வெவ்வேறிடங்களில் இருப்போர் ஒரே கதைக்குள் ஒரே நேரத்தில் உலவ அது வழி செய்தது. இன்றைய இணையவழி ஆட்டங்களுக்கு அதுவே முன்னோடி.

இவையெல்லாம் மேனாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டா. எங்கள் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இவ்வாட்டம் முற்றிலும் புதிதன்று. திரைக்குப் பின்னிருந்து வேடம் வருகிறது. கட்டியக்காரன் அதனை நிறுத்தி, “நீர் யார்? எந்த நாடு? வந்த காரியம் என்ன?” என்று கேட்கிறான். வேடம் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்கிறது. கதை வியாசருடையது, ஆனால் கட்டியக்காரனுடைய பேச்சு அன்றைய இரவுக்கு உரியது. முன்வரிசையில் தூங்கி விழும் பெரியவரைக்கூட அவன் கதைக்குள் இழுத்து விடுவான். வைகுண்ட ஏகாதசி இரவில் நாம் உருட்டும் பரமபத சோபானமும் புராணத்தை ஆட்டவிதியாக மாற்றியதே அல்லவா? ஏணி புண்ணியம், பாம்பு பாவம். அப்பாம்புகளுக்கு அசுரர் பெயர்களும் இட்டனர். பகடை உருட்டிப் புராணத்திற்குள் நுழையும் பழக்கம் நமக்கு உண்டு.

ஆயினும் ஒரு கதையிலிருந்து ஓர் உயிரினத்தைப் பெயர்த்தெடுத்து ஆட்டத்தில் நடும்போது என்ன நேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்கு நம்முடைய இராக்கதரே தக்க எடுத்துக்காட்டு.

1977-இல் வெளியான அவ்வாட்டத்தின் உயிரின நூலில் ‘ராட்சசா’ என்றோர் இனம் இடம்பெற்றது. படத்தைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். புலித்தலை, சீமான்களைப் போன்ற உடை, கையில் புகைக்குழாய்! பிற்காலப் பதிப்புகளில் உள்ளங்கை புறப்பக்கம் திரும்பியிருக்கும் என்ற விவரமும் சேர்ந்தது. மந்திரித்த அம்பைக் குறுக்குவில்லில் தொடுத்து எய்தால் அது மடியும் என்பது விதி. வான்மீகியிலும் கம்பரிலும் இத்தகைய இராக்கதரைக் காண முடியுமா? அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1974-இல் ஒளிபரப்பான திகில் தொடர் ஒன்றில் இராக்கதன் வருகிறான்; தன் இரைக்கு நம்பிக்கையானவர் உருவில் தோன்றுகிறான்; மந்திரித்த குறுக்குவில் அம்பால் மடிகிறான். ஆட்டத்தின் இராக்கதன் அத்தொடரிலிருந்து வந்தவன். கடல் கடந்து, திரை கடந்து, மூன்றாம் கையாக வந்து சேர்ந்த சரக்கு.

இதற்காக நான் சினம் கொள்ளவில்லை. புலித்தலை இராக்கதன் நல்ல ஆட்டப்பொருள்தான். அவனை எதிர்த்து எங்கள் மாணவரும் ஆடி மகிழ்ந்திருக்கின்றனர். ஆனால் அப்பெயர்ப்பில் உதிர்ந்துபோனது எது என்று பாருங்கள். நம் கதையில் கும்பகருணனும் இராக்கதன், வீடணனும் இராக்கதன். அண்ணன் செய்தது பிழை என்று தெரிந்தும் அவனுக்காகவே போர்க்களம் சென்றவன் ஒருவன். அறத்தின் பக்கம் சாய்ந்து அண்ணனைப் பிரிந்தவன் மற்றொருவன். இருவர் முன்னும் ஒரே இக்கட்டு நின்றது. புலித்தலை இராக்கதனுக்கு அவ்விக்கட்டு கிடையாது. அவன் தீயவன், அவ்வளவே.

இன்னொரு வகைச் சிக்கலும் உண்டு. தோல்கியன் என்னும் ஆங்கில ஆசிரியர் 1954-55-இல் வெளியிட்ட மோதிரக் கதையிலிருந்து ‘ஹாபிட்’ என்னும் குள்ளரை அவ்வாட்டம் எடுத்துக்கொண்டது. உரிமையாளர் தடை சொல்லவே, ‘ஹாஃப்லிங்’ என்று பெயரை மாற்றினர். நடமாடும் மரமாகிய ‘எண்ட்’ என்பதற்கும் வேறு பெயர் வந்தது. தனியொருவர் படைத்த உயிரினத்திற்கு வழக்குரைஞர் துணையுண்டு. பூதத்திற்கும் அணங்கிற்கும் வழக்குரைஞர் இல்லை. எவரும் எடுக்கலாம், அதனாலேயே எடுப்பவர் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டியிருக்கிறது.

இனிச் சதுக்கப் பூதத்திற்கு வருவோம்.

அம்மாணவியின் கேள்விக்கு விடை காணும் பொருட்டு இந்திரவிழவூரெடுத்த காதையை மீண்டும் எடுத்துப் படித்தேன். எத்தனையோ முறை வகுப்பில் நடத்திய பகுதிதான். ஆனால் ஆட்டம் என்ற கண்ணாடியை அணிந்து படித்தபோது, இளங்கோவடிகள் ஐந்து மன்றங்களுக்கும் விதிகளையே எழுதி வைத்திருப்பது தெரிந்தது! வெள்ளிடை மன்றத்தில் களவு செய்தவன், திருடிய பொதியைத் தலையில் சுமந்தபடி வெளியேற முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்பான். இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் முழுகினால் உடற்குறை நீங்கும். நெடுங்கல் மன்றத்துக் கல்லைச் சுற்றித் தொழுதால் பித்தும் நஞ்சும் தீரும். அரசன் முறை தவறினால் பாவை மன்றத்துப் பாவை வாய் பேசாது; கண்ணீர் வடிக்கும். இடம், செயல், விளைவு என்று மூன்றும் தெளிவாக நிற்கின்றன. ஆட்டம் அமைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பூத சதுக்கத்துப் பூதமோ கண்டவரையெல்லாம் அடிப்பதன்று. பொய்த்தவ வேடத்தார், கணவனை வஞ்சிக்கும் பெண்டிர், அரசனுக்கு வஞ்சனை எண்ணும் அமைச்சர், பிறர்மனை விழைவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் ஆகிய இவ்வகையினரை மட்டுமே அது பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும். அடைக்கலக் காதையில் இதற்கு ஒரு நிகழ்ச்சியே உண்டு. கற்புடைய பெண்ணொருத்திமேல் பொய்க்கரி சொன்னவனைப் பூதம் பற்றுகிறது. அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் பாசத்திற்குள் தானே புகுந்து, அவன் உயிருக்கு மாறாகத் தன்னுயிரைத் தருவதாகச் சொல்கிறான். பூதம் மறுக்கிறது, தீயவன் உயிருக்கு நல்லுயிரை ஈடாகக் கொள்ளும் வழக்கம் தனக்கில்லை என்கிறது. கோவலன் தோற்றான். ஆனால் அத்தாயையும் சுற்றத்தையும் பல்லாண்டு காத்தான்.

மறுவாரம் அம்மாணவியிடம், “அம்மா, இப்பூதத்திற்கு உயிர்ப்புள்ளியே வேண்டா. இதனை வாளால் வெல்ல முடியாது. இதன்முன் நிற்பவர் அந்த ஆட்டத்தில் முன்பு பொய்சொல்லியிருக்கிறாரா என்பது ஒன்றே கணக்கு” என்றேன். அவள் சிறிது யோசித்து, “அப்படியானால் எல்லாரும் சொன்ன பொய்களை முதலிலிருந்தே நான் மறைவாகக் குறித்துவைக்க வேண்டும் ஐயா” என்றாள். குறித்தும் வைத்தாள். ஐந்தாம் வாரம் பூதம் வந்தபோது தாழ்வாரத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டு அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தனர்.

இவ்வாறே அசுணத்தையும் கொண்டுவந்தோம். இசைக்கு மயங்கும் விலங்கு அது. வேடர் யாழிசைத்து வரவழைத்துப் பின் பறையறைந்து கொல்வர் என்பது சங்கப் பாட்டுகள் தரும் செய்தி. எங்கள் ஆட்டத்தில் பாணன் யாழிசைத்தான். அசுணம் வந்து அவன் மடியில் தலைவைத்தது. கையில் பறை வைத்திருந்த வீரனோ அறைய மறுத்துவிட்டான். அன்று பகடை உருளவே இல்லை. யானைக்கோட்டைப் பறித்து அதன் குருத்தைத் தின்னும் ஆளியையும் சேர்த்தோம். படம் வரைந்த சிறுவன், சுரங்கத்தில் மண்ணகழும் பெருஞ்சக்கர இயந்திரத்தை நாள்தோறும் காண்பவன். ஆளியின் வாயில் பற்களுக்குப் பதிலாக அச்சக்கரத்தை வைத்துவிட்டான். கோயில் தூண்களில் இருக்கும் யாளியைச் செதுக்கிய சிற்பியும், தான் கண்டவற்றின் உறுப்புகளைத்தானே ஒட்டவைத்தான்? ஆகவே திருத்தாமல் விட்டேன்.

ஆனால் ஒருமுறை தவறிவிட்டோம். அதனை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பாரதப்போரை ஒட்டி ஓர் ஆட்டம் அமைத்தனர். களத்தில் வெட்டுண்ட தலையொன்று உருண்டு வந்து தாக்கும். அதனை அழிப்போருக்கு நூறு புள்ளி. அத்தலைக்கு அரவான் என்று பெயரிட்டிருந்தனர். புதுமையாக இருக்கிறதே என்று நானும் வாளாவிருந்தேன். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஒரு மாணவன் தன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். காரணம் கேட்டேன். “எங்கள் ஊர்க் கூத்தாண்டவர் அவர் ஐயா. எனக்கு முதல் மொட்டை அவர் கோயிலில்தான் போட்டார்கள்” என்றான். குரலில் சினம் இல்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

எங்கள் வட்டாரத்தில் கூத்தாண்டவர் வழிபாடு எத்துணை ஆழமானது என்பதை நான் அறியாதவனா? கூவாகத்துச் சித்திரை விழாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கையர் வந்து அவருக்குத் தாலி கட்டிக்கொள்வதை அறியாதவனா? அறிந்தும் அத்தலையை வெறும் காகிதத்தலையாகவே பார்த்துவிட்டேன். பூதத்தை ஆயும்போது எடுத்த நூலை அரவானுக்கு எடுக்கவில்லை, பிழை அதுவே. களப்பலியான அரவான் போர் முழுவதையும் காணும் வரம் பெற்றவன் என்பதன்றோ கதை? தாக்கும் தலையன்று அது. சாட்சியாக நிற்கும் தலை.

மறுவாரம் விதியை மாற்றினோம். போர்க்களத்தின் ஓரத்தில் அத்தலை உயரத்தில் இருக்கும். எவரும் தொடலாகாது. ஓர் இரவுக்கு ஒரு கேள்வி கேட்கலாம்; தான் கண்டதை மட்டும் அது சொல்லும். எழுந்துபோன மாணவன் அன்று வந்தான், ஆடவில்லை. அருகில் அமர்ந்து, வரைந்திருந்த மீசை சிறிது என்றும், கண் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் திருத்தம் சொன்னான்.

அவன் எழுந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். இணையவழி ஆடும்போது அது நேராது. மதுரையில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர் என்று அமர்ந்து ஆடும் ஆட்டத்தில், ஒருவர் மனம் நொந்து விலகினால் மின்சாரம் நின்றுவிட்டது போலும் என்றுதான் மற்றவர் எண்ணுவர். ஆகையால் அங்கே ஆட்டத்திற்கு முன்பே பேசிக்கொள்வது இன்றியமையாதது. எவை வரலாம், எவை வேண்டா, யாருடைய ஊரில் எது தெய்வம் என்று கேட்டுவிட வேண்டும். மேனாட்டு ஆட்டக்காரர் பெருக்கல் குறியிட்ட ஓர் அட்டையை மேசை நடுவில் வைப்பதுண்டு. யாரேனும் அதனைத் தொட்டால், காரணம் கேளாமல் அக்காட்சியைக் கடந்துவிடுவர். எளிய ஏற்பாடு, எங்கள் தாழ்வாரத்திலும் இப்போது ஓர் அட்டை இருக்கிறது.

பழைய நூல்களில் இருப்பவற்றை மட்டுமே எடுக்க வேண்டும் என்பதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதனை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்கும். 1956-இல் நிறுவனம் தோன்றிய நாள்தொட்டு இங்குள்ள பொறியாளர் போராடிவரும் நீர் அது. எங்கள் மாணவர் இப்போது அதிலிருந்து ஒரு பூதத்தை ஆக்கிக்கொண்டிருக்கின்றனர். அது தீயதன்று, மேலே வர விரும்புகிறது, அவ்வளவே. இறைப்பு ஒரு சுற்று நின்றால் அது ஒரு முழம் எழும் என்று முதலில் விதி எழுதினர். சுரங்கத்தில் வேலை செய்யும் தந்தை ஒருவர் மகனை அழைத்துப்போக வந்தவர், வாசலில் நின்றபடியே அதனைக் கேட்டார். “ஒரு முழமா? யார் சொன்னது?” என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அமர்ந்தார். அன்றிரவு ஒன்பது மணி வரை விதி மாறிக்கொண்டே இருந்தது. பூதத்திற்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை.