தாடி டிராகன் குஞ்சுகளுக்கான சரிவிகித உணவு

தாடி டிராகன் என்பது ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட ஓணான் வகையாகும். போகோனா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல இனங்கள் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. எனினும் பல நாடுகளில் வீட்டு விலங்காக வளர்க்கப்படுவது பெரும்பாலும் போகோனா விட்டிசெப்ஸ் என்னும் நடு ஆஸ்திரேலிய இனமே ஆகும். நம் வேலிகளில் காணப்படும் ஓணானும் இதுவும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அச்சமோ சினமோ கொள்ளும்போது இதன் தொண்டைப் பகுதி உப்பிக் கருமையாகும். அங்குள்ள முள் போன்ற செதில்கள் விரிந்து தாடி போலத் தோன்றுவதால் இப்பெயர் வந்தது.

ஆஸ்திரேலியா தன் காட்டு விலங்குகளை உயிருடன் வணிக நோக்கில் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. ஆகவே பிற நாடுகளில் விற்கப்படுபவை வளர்ப்பிடங்களிலேயே முட்டையிட்டுப் பொரிக்கப்பட்ட தலைமுறைகளாகும். இவற்றின் முதல் ஓராண்டு உணவுதான் எலும்பின் உறுதியையும் வாழ்நாளையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

குஞ்சுப் பருவமும் உணவுத் தேவையும்

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வாலுடன் சேர்த்துச் சுமார் 10 செ.மீ. நீளமும், சில கிராம் எடையும் மட்டுமே உடையது. நன்கு வளர்ந்த விலங்கோ 45 முதல் 60 செ.மீ. வரை நீளமும், 300 கிராமுக்கு மேற்பட்ட எடையும் பெறுகிறது. இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. நூறு மடங்குக்கும் மேல் எடை கூடும் இக்காலத்தில் தசைக்குப் புரதமும், எலும்புக்குக் கால்சியமும் இடைவிடாது தேவைப்படுகின்றன.

இயற்கையில் தாடி டிராகன் ஓர் அனைத்துண்ணி. பூச்சிகள், இலைகள், பூக்கள், விதைகள் எனக் கிடைப்பதை உண்ணும். மழைக்குப் பின் கறையான்கள் சிறகு முளைத்துப் பறக்கும் நாட்களில் அவற்றை மிகுதியாகத் தின்னும். குஞ்சுகள் பூச்சிகளையும் வளர்ந்தவை தாவரங்களையும் கூடுதலாக உண்கின்றன. வளர்ப்பிலும் இவ்விகிதமே பின்பற்றப்படுகிறது. குஞ்சுகளுக்கு உணவில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு பூச்சிகளும், எஞ்சியது கீரை காய்களும் தரப்படுகின்றன. வளர்ந்தபின் இவ்விகிதம் தலைகீழாக மாற்றப்படுகிறது.

பூச்சி உணவு

குஞ்சுகளுக்கு அன்றாட உணவாகச் சுவர்க்கோழி எனப்படும் கிரிக்கெட் பூச்சியும், டூபியா கரப்பானின் சிறு குஞ்சுகளும், கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்களும், பட்டுப்புழுவும் ஏற்றவை. எல்லாப் பூச்சிகளும் ஒரே தரத்தவை அல்ல. உயிருள்ள நிலையில் அவற்றின் கொழுப்பளவு ஏறத்தாழ வருமாறு:

சுவர்க்கோழி: 7 விழுக்காடு
மாவுப்புழு: 13 விழுக்காடு
பெரும்புழு எனப்படும் சூப்பர்வோர்ம்: 18 விழுக்காடு
மெழுகுப்புழு: 25 விழுக்காடு

பட்டியலின் கடைசி இரண்டும் குஞ்சுகளுக்கு மிகவும் பிடித்தவை. பிடித்ததே என்று தொடர்ந்து கொடுத்தால் அவை மற்ற உணவைத் தொடாமல் போகும். உடலில் கொழுப்பும் சேரும். எனவே மெழுகுப்புழுவை இனிப்புப் பண்டம் போல எப்போதாவது மட்டுமே தர வேண்டும். மாவுப்புழுவின் மேல்தோல் கடினமானதாகையால் மிகச் சிறிய குஞ்சுகளுக்கு அது ஏற்றதன்று.

பூச்சியின் அளவுக்கு எளிய விதி ஒன்று உண்டு. குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சியைத் தரக் கூடாது. பெரிய இரை செரிக்காமல் குடலில் தங்கி அடைப்பை உண்டாக்கலாம்.

பூச்சி தின்றதையே குஞ்சும் தின்கிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றுடன் டப்பாவில் கிடந்த சுவர்க்கோழியில் சத்து குறைவு. ஆகவே இரையாக்குவதற்கு ஒரு நாள் அல்லது இரு நாள் முன்பிருந்தே பூச்சிகளுக்குக் கீரை, கேரட், சத்து மிகுந்த தீவனம் ஆகியவற்றைக் கொடுத்து வளர்ப்பது வழக்கம்.

தோட்டத்திலோ தெருவிளக்கின் கீழோ பிடித்த பூச்சிகளில் பூச்சிக்கொல்லியும் ஒட்டுண்ணிகளும் இருக்கக்கூடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும். மின்மினிப் பூச்சி குறிப்பாக ஆபத்தானது. அமெரிக்க மின்மினி வகைகளில் லூசிபுஃபாஜின் என்னும் இதயத்தைத் தாக்கும் நச்சு உள்ளது. ஒரேயொரு மின்மினியை உண்டும் தாடி டிராகன்கள் இறந்துள்ளன.

கீரை, காய், பழம்

குஞ்சு தொடக்கத்தில் கீரையைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. அதற்காகக் கீரை வைப்பதை நிறுத்திவிடக் கூடாது. சிறு வயதில் பழகாத விலங்கு, தாவர உணவே முதன்மையாக வேண்டிய வயதிலும் பூச்சிக்காகவே காத்திருக்கும். ஒவ்வொரு காலையிலும் பூச்சிக்கு முன்பாக, பொடியாக நறுக்கிய கீரையைத் தட்டில் வைத்துவிடுவது நல்லது.

கடுகுக்கீரை, கொல்லார்டு கீரை, டர்னிப் இலை, டேன்டேலியன் இலை, எண்டைவ் ஆகியவை கால்சியம் நிறைந்த அல்லது பாதுகாப்பான அன்றாடக் கீரைகள். துருவிய பரங்கிக்காயும் கேரட்டும் இடையிடையே சேர்க்கத்தக்கவை. செம்பருத்திப் பூவும் உண்ணத் தகுந்ததே. அதன் நிறம் குஞ்சின் கவனத்தைக் கீரைத் தட்டின் பக்கம் ஈர்க்கும்.

பசலைக்கீரை, தண்டுக்கீரை, பீட்ரூட் இலை ஆகியவை மனிதருக்கு நல்லவையாயினும் இவற்றில் ஆக்சலேட் மிகுதி. ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாக மாறுவதால், அந்தக் கால்சியம் உடலில் சேராமல் கழிவாக வெளியேறுகிறது. ஐஸ்பெர்க் லெட்டூஸ் பெரும்பாலும் நீரே. வயிறு நிரம்பும், சத்து சேராது. வெண்ணெய்ப்பழம், ரூபார்ப், வெங்காயம், பூண்டு ஆகியவற்றை முற்றிலும் விலக்க வேண்டும்.

பழம் மிகக் குறைந்த அளவே போதும். தாடி டிராகனின் பற்கள் தாடை எலும்பின் விளிம்போடு ஒட்டிப் பிறந்தவை. பக்கப் பற்கள் விழுந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மென்மையான, இனிப்பான உணவு பற்களின் மேல் படிந்து ஈறு நோய்க்கு வழிவகுக்கிறது.

கால்சியமும் பாஸ்பரசும்

உணவில் கால்சியம் இருந்தால் மட்டும் போதாது. பாஸ்பரசுடன் அது சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். ஊர்வனவற்றுக்குக் கால்சியம் 2 பங்கு, பாஸ்பரசு 1 பங்கு என்பது விரும்பத்தக்க விகிதம்.

100 கிராம் சுவர்க்கோழியில் சுமார் 40 மில்லிகிராம் கால்சியமும், சுமார் 295 மில்லிகிராம் பாஸ்பரசும் உள்ளன. அதாவது 2:1 என்று இருக்க வேண்டிய விகிதம் ஏறத்தாழ 1:7 என்று தலைகீழாக உள்ளது. இதைச் சரிசெய்ய 295-இன் இரு மடங்கான 590 மில்லிகிராம் கால்சியம் தேவை. குறைவது 550 மில்லிகிராம். கால்சியம் கார்பனேட் பொடியில் 40 விழுக்காடே கால்சியம் என்பதால், 100 கிராம் பூச்சிக்குச் சுமார் 1.4 கிராம் பொடி தேவைப்படும். ஒரு குஞ்சு ஒரு வேளையில் சில கிராம் பூச்சியையே உண்ணும்; எனவே ஒரு சிறு சிட்டிகையே போதுமானது. ஆனால் அந்தச் சிட்டிகை இல்லாமல் நாள்தோறும் சுவர்க்கோழியைத் தருவது, பசியாற்றிக்கொண்டே எலும்பைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும்.

பூச்சிகளை ஒரு பையிலோ கிண்ணத்திலோ இட்டுப் பொடி தூவிக் குலுக்கி, உடனே உணவாகக் கொடுக்க வேண்டும். நேரம் கடந்தால் பூச்சிகள் பொடியைத் துடைத்துவிடும். குஞ்சுகளுக்குப் பாஸ்பரசு கலவாத கால்சியம் பொடி பெரும்பாலான நாட்களிலும், பல சத்துகள் கலந்த உயிர்ச்சத்துப் பொடி வாரம் ஒன்று அல்லது இரு முறையும் பரிந்துரைக்கப்படுகின்றன. பயன்படுத்தும் விளக்கையும் உணவையும் பொறுத்து இது மாறுபடுவதால், ஊர்வன மருத்துவத்தில் பழகிய கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நலம். உயிர்ச்சத்து ஏ, டி3 ஆகியவை கொழுப்பில் கரைபவை. மிகையானால் உடலில் தங்கித் தீங்கு செய்யும்.

பூச்சிகளில் கருஞ்சிப்பாய் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு. அதன் உடலிலேயே பாஸ்பரசைவிடக் கால்சியம் மிகுந்துள்ளது.

ஒளியும் வெப்பமும் இல்லாத உணவு வீண்

தின்ற கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உயிர்ச்சத்து டி3 தேவை. புற ஊதா-பி கதிர்கள் தோலில் படும்போது அங்குள்ள ஒரு வகைக் கொழுப்புப் பொருள் மாற்றமடைந்து, உடல் வெப்பத்தின் துணையோடு டி3 ஆகிறது. பின்னர் அது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாறுதலுற்றுச் செயல்படும் வடிவத்தைப் பெறுகிறது. வாய்வழியாகக் கொடுக்கப்படும் டி3 மட்டும், வளரும் தாடி டிராகன்களில் இக்கதிர்களுக்கு முழு ஈடாவதில்லை.

கண்ணாடி சன்னல் வழியே வரும் வெயிலால் பயன் இல்லை. கண்ணாடி புற ஊதா-பி கதிர்களைத் தடுத்துவிடுகிறது. இதற்கென உள்ள விளக்கு வெளிச்சம் தந்துகொண்டே இருந்தாலும், காலப்போக்கில் அதன் கதிர்வீச்சு குறையும். ஆகவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலத்தில் அதை மாற்ற வேண்டும்.

தாடி டிராகன் குளிர் இரத்த விலங்காதலால் செரிமானத்துக்கும் புறவெப்பம் வேண்டும். கூண்டின் ஒரு முனையில் சுமார் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள வெயில்காயும் இடமும், மறுமுனையில் 25 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த இடமும் அமைக்கப்படுகின்றன. காலையில் குஞ்சு வெப்பமேறிய பின்னரே முதல் உணவைத் தர வேண்டும். விளக்கணைப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே கடைசி உணவு முடிந்திருக்க வேண்டும்.

எலும்பு நலிவு நோய்

மேற்கூறிய மூன்றில், அதாவது கால்சியம், கதிர், வெப்பம் ஆகியவற்றில், எது குறைந்தாலும் குஞ்சின் இரத்தத்தில் கால்சியம் தாழ்கிறது. உடனே பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குத் தருகிறது. இதயமும் தசையும் இயங்க எலும்பு விலை கொடுக்கிறது. இதனால் தாடை ரப்பர் போல மென்மையாதல், கால்கள் வளைதல், விரல்கள் துடித்தல், உடலைத் தரையிலிருந்து உயர்த்த முடியாமை ஆகியவை தோன்றுகின்றன. முற்றிய நிலையில் எலும்பு முறிவும் வலிப்பும் ஏற்படலாம்.

தொடக்கத்தில் கண்டறிந்தால் மருத்துவத்தால் நோயை நிறுத்தலாம். ஆனால் வளைந்து இறுகிய எலும்பு பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. எனவே விரல் துடிப்பையோ நடையில் தளர்ச்சியையோ கண்டால் பொடியைக் கூட்டிப் பார்த்துக் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

வயதுக்கேற்ற உணவு முறை

முதல் 3 மாதங்கள்: நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை பூச்சி. ஒவ்வொரு முறையும் 10 முதல் 15 நிமிடங்களில் உண்ணும் அளவு. கீரை நாள்தோறும்.

3 முதல் 6 மாதங்கள்: நாளொன்றுக்கு 2 முறை பூச்சி. கீரையின் அளவும் வகையும் கூட்டப்படும்.

6 முதல் 12 மாதங்கள்: நாளொன்றுக்கு 1 முறை பூச்சி. கீரைத் தட்டு முதன்மையாகத் தொடங்கும்.

ஓராண்டுக்குப் பின்: வாரத்தில் சில நாட்கள் மட்டும் பூச்சி, நாள்தோறும் கீரை. குஞ்சுப் பருவத்து அளவையே தொடர்ந்தால் உடற்பருமனும் கல்லீரலில் கொழுப்பும் உண்டாகும்.

தின்னாமல் எஞ்சிய பூச்சிகளைக் கூண்டிலிருந்து அகற்றிவிட வேண்டும். இரவில் சுவர்க்கோழிகள் உறங்கும் குஞ்சைக் கடிக்கும். பல குஞ்சுகளை ஒரே கூண்டில் வளர்ப்பதும் தவறு. பசியிலும் போட்டியிலும் ஒன்றன் விரலையும் வால் நுனியையும் மற்றொன்று கடித்துவிடும். பல்லியைப் போலன்றி, தாடி டிராகனுக்கு இழந்த வால் மீண்டும் வளர்வதில்லை. குஞ்சுகளின் கூண்டில் தளர்ந்த மணலைப் பரப்பினால், இரையோடு மணலும் வயிற்றுக்குள் சென்று அடைப்பை உண்டாக்கலாம். காகிதமோ ஓடோ பாதுகாப்பானது.

நீர்

வறண்ட நிலத்து விலங்காயினும் குஞ்சின் உடல் விரைவில் நீர் வற்றக்கூடியது. பல குஞ்சுகள் தேங்கிய நீரை அடையாளம் காண்பதில்லை. அசையும் துளியையே நக்குகின்றன. ஆகையால் கழுவிய கீரையை ஈரத்துடன் வைப்பதும், மூக்கின் நுனியில் ஒரு துளி விடுவதும் பயன் தரும். ஆழமற்ற கிண்ணத்தில் தூய நீரும் இருக்கட்டும். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும்போது தோல் வழியாக நீர் உட்செல்வதில்லை. வாயால் குடித்தால்தான் உண்டு.

வளர்ச்சியைக் கண்காணித்தல்

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பதே சிறந்த கண்காணிப்பு. தோலுரிக்கும் நாட்களில் பசி குறைவது இயல்பு. ஆனால் எடை தொடர்ந்து நின்றுவிட்டாலோ குறைந்தாலோ முதலில் வெப்பத்தையும் விளக்கையும் சரிபார்க்க வேண்டும். வளர்ந்த விலங்குகள் குளிர்காலத்தில் உண்ணாமல் ஓய்வதுண்டு. அதைக் காரணமாகக் கொண்டு குஞ்சின் பட்டினியை அலட்சியப்படுத்தக் கூடாது. நன்கு உண்டும் வளராத குஞ்சுக்குக் குடல் ஒட்டுண்ணிகளோ அடினோவைரசுத் தொற்றோ இருக்கலாம். கழிவுச் சோதனை இதைக் கண்டறிய உதவும்.

வளர்ப்போர் நலம்

நலமாகத் தோன்றும் தாடி டிராகனின் குடலிலும் சால்மோனெல்லா நுண்ணுயிரி இருக்கக்கூடும். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை பரவிய சால்மோனெல்லாத் தொற்று ஒன்று இவ்விலங்குகளோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது. பாதிக்கப்பட்டோரில் பலர் சிறு குழந்தைகள். உணவளித்த பின்னும் கூண்டைத் துப்புரவு செய்த பின்னும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். உணவுத் தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை இவற்றைக் கையாள விடாதிருப்பதே பாதுகாப்பு.

நல்ல பராமரிப்பில் தாடி டிராகன் 10 ஆண்டுகள் அளவுக்கு வாழக்கூடியது. உயிருள்ள பூச்சிகளும் புற ஊதா-பி விளக்கும் ஊர்வன மருத்துவரும் தம் ஊரில் தொடர்ந்து கிடைப்பார்களா என்பதையும், வளர்ப்பது குறித்த தம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டிய நேரம் குஞ்சை வாங்குவதற்கு முன்பே ஆகும்.