கொலஸ்ட்ரால் நார்மல், ஆனாலும்...

எனக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. ஆனால் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 98 தான். மாட்டுங்காவில் காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். சென்ற ஆண்டு நெஞ்சு வலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகே அதே காகிதத்தில் இருந்த மற்ற எண்களைக் கவனித்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 182, டிரைகிளிசரைடு 260, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். வெறும் 32.

டாக்டர் விளக்கினார். இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது, உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு அதிகமாகப் போகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக இரத்தத்தில் விடுகிறது. அது எல்.டி.எல். துகள்களில் ஏறிக்கொள்ள, அங்கிருந்த கொலஸ்ட்ரால் இறங்கிவிடுகிறது. பின்னர் துகள் சுருங்கி அடர்த்தியாகிறது. எச்.டி.எல்.லும் இப்படியே மாறிச் சீக்கிரம் அழிகிறது.

100 கிலோ அரிசியை நான்கு மூட்டையாகவும் கட்டலாம், நூறு பையாகவும் கட்டலாம், எடை ஒன்றுதான். பரிசோதனை எடையைச் சொல்கிறது. குழாயின் சுவருக்குள் நுழைந்து கேடு செய்பவையோ பைகள்!

ஆகவே, சர்க்கரை உள்ள அன்பர்களே, மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள். எனக்கு 150 வந்தது. இது குறைவாக, இதய நோயும் இருந்தால் இன்னும் குறைவாக இருக்க வேண்டுமாம். அபோ-பி பரிசோதனை துகள்களின் எண்ணிக்கையையே காட்டிவிடும். "நார்மல்தானே" என்று டாக்டர் தந்த ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தியிருந்தேன்.