எரிபொருள் மின்கலத்தில் மறையும் மின்னழுத்தம்

நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிவதை நாம் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறோம். இதனைத் திருப்பிச் செய்தால் என்ன? அவ்விரு வாயுக்களையும் சேரவிட்டு மின்சாரம் பெறலாம் என 1839-ஆம் ஆண்டில் காட்டியவர் வேல்ஸ் நாட்டினரான வில்லியம் குரோவ். அவர் தொழிலோ வழக்கறிஞர் தொழில்!

கணக்குப்படி இத்தகைய கலம் ஒன்று அறை வெப்பநிலையில் 1.23 வோல்ட் தரவேண்டும். ஆனால் மின்சாரத்தை எடுத்துப் பயன்படுத்தும்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 0.6 அல்லது 0.7 வோல்ட்தான். மிச்சம் எங்கே போயிற்று? வெப்பமாகிவிட்டது.

இதில் பெரும் பங்கை விழுங்குவது ஆக்ஸிஜன் மின்வாய். பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் எளிதில் பிரிந்து எலக்ட்ரானை விட்டுவிடும். ஆக்ஸிஜனின் இரு அணுக்களோ இறுகப் பிணைந்தவை. அவற்றைப் பிரித்து எலக்ட்ரானை ஏற்கச் செய்வதற்கே மின்னழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகிறது. மின்பகுளியின் தடையால் வரும் இழப்பு, ஓம் விதி படித்த நமக்குப் புதிதன்று. மின்னோட்டத்தை மிகுதியாக எடுத்தாலோ, வாயு வந்து சேருமுன் தீர்ந்துபோய், மின்னழுத்தம் திடீரெனச் சரியும். துளைகளில் நீர் நிரம்பினாலும் இதே கதிதான்.

துளைகள் என்றோமே, அவைதாம் இக்கலத்தின் உயிர்நாடி. வாயு, திரவம், உலோகம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில்தான் வினை நடக்கும். குரோவின் பிளாட்டினத் தகட்டில் அது நீர்மட்டத்தை ஒட்டிய மெல்லிய கோடு மட்டுமே. ஆங்கிலப் பொறியாளர் பிரான்சிஸ் பேக்கன், நிக்கல் தூளைச் சுட்டு இறுக்கி, வாயுப் பக்கம் பெருந்துளைகளும் திரவப் பக்கம் நுண்துளைகளும் கொண்ட தகடு செய்தார். நுண்துளைகளில் பரப்பு இழுவிசையால் திரவம் தங்கிவிடும்; பெருந்துளைகளிலிருந்து வாயுவின் அழுத்தம் அதை வெளியே தள்ளிவிடும். இவ்வாறு தகட்டினுள்ளேயே கணக்கற்ற சந்திப்பிடங்கள் உண்டாயின. வினை விரைவாக நடக்க, ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் கலத்தை இயக்கினார். 1959-இல் 5 கிலோவாட் தரும் அமைப்பையும் காட்டினார்.

அவர் வழிவந்த கலங்களே அப்பல்லோ விண்கலங்களில் சென்றன. தொடரிணைப்பில் 31 கலங்கள் கொண்ட அடுக்குகள் மூன்று. ஓர் அடுக்குக்குச் சுமார் 28 வோல்ட். தோழியரே, வகுத்துப் பாருங்கள், ஒரு கலத்திற்கு எவ்வளவென்று! உண்டான நீரை வீரர்கள் பருகினர்.

1970 ஏப்ரல் 13 அன்று, அப்பல்லோ 13-இன் ஆக்ஸிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. ஆக்ஸிஜன் வரத்து நின்றதும் மூன்று அடுக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. மின்சாரமும் போயிற்று, குடிநீரும் குறைந்தது. வீரர்கள் மூவரும் சந்திரனில் இறங்குவதற்கென இருந்த சிறு கலத்துள் புகுந்து, அதிலிருந்த மின்கலங்களைச் சிக்கனமாகச் செலவிட்டுப் பூமியை நெருங்கினர். ஏப்ரல் 17 அன்று உயிருடன் கடலில் வந்திறங்கினர்.