எழுதினவரே "நான் அந்த ரூலை யூஸ் பண்றதில்ல"ன்னு சொன்னா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடை ஒரு மன்னிப்போட ஆரம்பிக்கணும். மன்னிப்பு உங்ககிட்ட இல்ல, என் காலேஜ் நண்பன் ஒருத்தன்கிட்ட. விஷயம் ஒரு கயிறு. அதுக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி கேரி கைகாக்ஸ் என்கிற மனுஷரைப் பத்திப் பேசணும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமா டி அண்ட் டி. தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். நாலஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கதை நடத்துபவர், அவருக்கு டன்ஜன் மாஸ்டர்னு பேரு. "இருட்டுக் குகை, எதிரே ஒரு கதவு, என்ன பண்றீங்க?"ன்னு அவர் கேட்பார். மத்தவங்க ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். என்ன பண்றாங்கன்னு வாயால சொல்வாங்க. பலிக்குமா பலிக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்துல பகடை உருட்டுவாங்க. நம்ம தாயம் மாதிரி காய் நகர்த்துறதுக்காக உருட்டுறது இல்ல. கதை எந்தப் பக்கம் திரும்பும்னு முடிவு பண்ணத்தான் பகடை.

இந்த ஆட்டத்தை உருவாக்கினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன். இன்னொருத்தர் விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் இருந்த கைகாக்ஸ். கைகாக்ஸ் ஆட்ட வடிவமைப்பில் பட்டம் எல்லாம் வாங்கினவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1970-ல் அந்த வேலை போனது. அப்புறம் வீட்டிலிருந்தே செருப்பு தைத்து, ரிப்பேர் பார்த்துக் குடும்பம் நடத்தினார். 1974 ஜனவரியில் டி அண்ட் டி வந்தது. பெட்டிக்குள் மூணு சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் பதிப்பு 1,000 பிரதிகள். அச்சாகி வந்ததை வீட்டில் வைத்துக் கையாலேயே பெட்டியில் அடுக்கினார்கள்.

அடுத்த பத்து வருஷத்தில் அது பெரிய பிசினஸ் ஆனது. ஆனா 1985-ல், தான் ஆரம்பித்த டி.எஸ்.ஆர். கம்பெனியின் கட்டுப்பாடு அவர் கையை விட்டுப் போனது. 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. அதாவது, கடைசிக் காலத்தில் டி அண்ட் டி பத்தி அதிகாரபூர்வமா ஒரு வார்த்தை சொல்ல கைகாக்ஸுக்கு உரிமை கிடையாது.

நான் இன்னைக்குப் பேச வந்தது அந்தக் கடைசிக் காலத்தைப் பத்தித்தான். 2000-க்குப் பிறகு பல வருஷம், ரசிகர்கள் கேட்ட ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு அவர் உட்கார்ந்து பதில் எழுதினார். ஊர் தேடி வந்தவங்களோட வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்து ஆடவும் செய்தார். 2004-ல் பக்கவாதம் வந்தது. அதுக்கப்புறமும் பதில் எழுதுவதை விடவில்லை.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். பழைய கோடு ஒண்ணு. பத்து வருஷம் முன்னாடி யாரோ எழுதினது. ஒரு வரி ஏன் அப்படி இருக்குன்னு யாருக்கும் புரியல. 'கிட் பிளேம்' போட்டுப் பார்த்தா எழுதினவர் பேர் வருது, ஆனா அவர் கம்பெனியை விட்டுப் போயாச்சு. அவர் நம்பர் கிடைச்சா என்ன கேட்போம்? "இது என்ன பண்ணும்?"னு கேட்க மாட்டோம், அதைக் கோடைப் படிச்சே தெரிஞ்சுக்கலாம். "இதை ஏன் இப்படி எழுதினீங்க?"ன்னுதான் கேட்போம். ரசிகர்கள் கைகாக்ஸிடம் போனதும் அந்த 'ஏன்'-க்காகத்தான்.

ஒரு உதாரணம், ஹிட் பாயின்ட். அடி வாங்கினா குறையும், பூஜ்யம் ஆனா ஆட்டம் காலி. அனுபவம் கூடக்கூட இந்த எண்ணும் கூடும். அப்போ பெரிய வீரன் பத்து வாள்வெட்டு வாங்கியும் நிக்கிறானே, அவன் உடம்பு என்ன இரும்பா? இந்தச் சந்தேகம் அன்னையிலிருந்து இன்னை வரைக்கும் இருக்கு. 1979-ல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு'லயே கைகாக்ஸ் விளக்கம் கொடுத்திருக்கார். அந்த எண் உடம்பின் அளவு மட்டும் இல்லை. திறமை, அதிர்ஷ்டம், கடைசி நொடியில் விலகிக்கொள்ளும் சாமர்த்தியம் எல்லாம் சேர்ந்தது. அதாவது முதல் ஒன்பது வெட்டும் மேலோட்டமா உரசிப் போயிருக்கலாம், பத்தாவதுதான் நிஜமா பட்டது. இது தெரிஞ்சா கதை சொல்ற விதமே மாறிடும்.

ஆனா என்னை உலுக்கினது வேற ஒரு பதில். 1978, 79-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில் ஏகப்பட்ட நுணுக்கமான விதிகள் உண்டு. எந்த ஆயுதத்துக்கு எந்தக் கவசத்துக்கு எதிரா எவ்வளவு கூட்டணும், கழிக்கணும்னு முழு அட்டவணையே இருக்கு. அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு மேஜையில் சண்டை போட்ட தலைமுறையே இருந்தது. அவங்க போய் கைகாக்ஸ்கிட்ட கேட்டா, தன் மேஜையில் அதையெல்லாம் பயன்படுத்தறதில்லைன்னு சொல்லிட்டார். மனோசக்தி விதிகளைச் சேர்த்தது தப்புன்னும் ஒத்துக்கிட்டார். வயசான காலத்தில் அவர் பிரியமா எடுத்து ஆடினது 1974-ன் அந்த மூணு சின்னப் புத்தகத்தைத்தான். விதி இல்லாத இடத்தில் நடத்துபவர் தன் புத்தியால் முடிவு எடுக்கணும் என்பதுதான் திரும்பத் திரும்ப அவர் பதிலின் சாரம்.

இங்க ரெண்டு எச்சரிக்கை சொல்லணும்.

முதலாவது, அவர் எப்பவும் இப்படிப் பேசினவர் இல்லை. 1970-களின் கடைசியில், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆடணும், இஷ்டத்துக்கு மாத்தினா அது இந்த ஆட்டமே இல்லைங்கிற தொனியில் எழுதியிருக்கார். போட்டி நடத்த ஒரே விதி வேணும், அதில் நியாயம் இருக்கு. வேற பின்னணியும் இருந்தது. 1979-ல் ராயல்டி கேட்டு ஆர்னிசன் வழக்குப் போட்டார், 1981-ல்தான் அது சமரசத்தில் முடிந்தது. அட்வான்ஸ்டு பதிப்பு தனி ஆட்டமா, பழையதன் தொடர்ச்சியா என்ற கேள்விக்குப் பின்னால் பணமும் இருந்தது.

இரண்டாவது, முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் நினைவிலிருந்து சொல்வது அப்படியே சரித்திரம் ஆகாது. டோல்கீனின் தாக்கம் குறைவுதான்னு கைகாக்ஸ் பலமுறை சொன்னார். ஆனா முதல் அச்சுகளில் 'ஹாபிட்' என்ற பெயரே இருந்தது. டோல்கீன் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்த பிறகுதான் 'ஹாஃப்லிங்' ஆனது. எழுதினவர் சொல்றதையும் கேளுங்க, பழைய கமிட்டையும் பாருங்க. ரெண்டும் வேணும்.

சரி, கயிறு.

2020 லாக்டவுனில் நாங்க அஞ்சு பேர் சனிக்கிழமை ராத்திரி வீடியோ காலில் ஆட ஆரம்பிச்சோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர். எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள், 20 அடி பள்ளம். ஐந்தாம் பதிப்பின் விதிப்படி ஓடி வந்து தாண்டினா, உங்க பலத்தின் எண் எவ்வளவோ அத்தனை அடி. நண்பனின் கதாபாத்திரத்துக்குப் பலம் 12. அவன் ஒரு ஐடியா சொன்னான்: "மேல தொங்குற வேர்ல கயிறை வீசி, ஊஞ்சல் மாதிரி ஆடித் தாண்டறேன்." நான் புத்தகத்தைப் புரட்டினேன். கயிறு, ஊஞ்சல் எதுவும் இல்ல. "12 அடிதான். விழுந்துட்ட"ன்னேன். 60 அடி ஆழம், பத்து அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை, மொத்தம் ஆறு. ஏற்கெனவே அடிபட்டிருந்த கதாபாத்திரம், அங்கேயே முடிஞ்சது. அவன் கத்தல. "நீ கதை சொல்லலடா, மேனுவல் படிக்கிற"ன்னு மட்டும் சொன்னான். அடுத்த சனிக்கிழமை வரல. அதுக்கப்புறமும் வரல. நான் பண்ணது சரின்னு மத்த மூணு பேர்கிட்டயும் பக்க எண்ணோட வாதாடினேன்.

இப்போ செய்யறதா இருந்தா என்ன செய்வேன்? "முடியாது"ன்னு சொல்றதுக்குப் பதிலா, "எவ்வளவு கஷ்டம்"னு சொல்வேன். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீத வாய்ப்பு. "15 இல்ல அதுக்கு மேல உருட்டினா தாண்டிடுவ"ன்னா, 15 முதல் 20 வரை ஆறு முகம், 30 சதவீதம். அவன் விழுந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்தான். ஆனா அவன் கையால உருட்டி விழுந்திருப்பான். அஞ்சு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பகடையைப் பார்த்திருப்போம். நான் அவன்கிட்டருந்து எடுத்துக்கிட்டது அந்த ஒரு உருட்டலைத்தான்.

கைகாக்ஸ் 2008 மார்ச் 4-ல் லேக் ஜெனீவாவில் காலமானார். இறுதிச் சடங்குக்கு வந்தவங்க அப்படியே கலைஞ்சு போகல. அதே ஊரில் கூடி, உட்கார்ந்து ஆட்டம் ஆடினாங்க. அது அடுத்த வருஷத்திலிருந்து 'கேரி கான்' என்ற வருடாந்திர விழாவா தொடர்ந்தது.

போன மாசம் நண்பனுக்கு போன் பண்ணேன். "கயிறு விஷயத்துல நீ சொன்னதுதான் சரி"ன்னேன். "எந்தக் கயிறு?"ன்னான். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "இத்தனை வருஷமா அதையா நெனச்சிட்டு இருந்த?"ன்னு சிரிச்சான். ஆட வருவியான்னு கேட்டேன். "பார்க்கலாம்"ன்னான்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு லிங்க் அனுப்பறேன்டா. உன் பகடை, நீயே உருட்டு.