தாமிரபரணித் தண்ணீர் பேட்டரிக்கு ஆகாது!

கல்லிடைக்குறிச்சியில் அப்பாவின் கார் பெரும்பாலும் வாசலில்தான் நிற்கும். போன மாதம் ராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறல். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' சத்தம் மட்டும்! நல்லவேளை, பக்கத்து வீட்டு ஆட்டோ இருந்தது.

காலையில் மெக்கானிக் பேட்டரி மூடியைத் திறந்தார். "என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"ஆத்துத் தண்ணிதான். சுத்தமா இருக்குமே!"

குடிக்க அமிர்தம்தான். ஆனால், அதில் கரைந்திருக்கும் உப்புகள் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். சீல் வைத்த பேட்டரிக்கு அதுவும் வேண்டாம்.

புதுசு வாங்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். பேட்டரிக்குக் கொடுக்கும் காசு வீண். ஆம்பியர்-ஹவர், பாசிட்டிவ் முனை இருக்கும் பக்கம் இரண்டும் கார் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். கடையில் நெடுநாள் கிடந்தது வேண்டாம். பழசைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

நின்றே கிடந்தால் புது பேட்டரியும் இறங்கிவிடும். அதனால் இப்போதெல்லாம் அப்பா வாரம் இரண்டு தடவை பாபநாசம் வரை ஓட்டிவிட்டு வருகிறார். முன் சீட்டில் அம்மா!